பதினொரு எஞ்சினும் ஒரு கூரையும்

சந்தியோகு அண்ணனுக்குக் கையெழுத்துப் போடுவது என்றால் கொள்ளை விருப்பம். இதை நான் சும்மா சொல்லவில்லை. மன்னார் பட்டினத்தில் நொத்தாரிசு சிவசுப்பிரமணியம் ஐயாவிடம் தட்டச்சு வேலை பார்ப்பவள் நான். தினமும் அடம்பனில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். எங்கள் கந்தோரில் ஒரு காணி உறுதிப் பத்திரம் எழுதினால் இரண்டு சாட்சி வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்ப்பேன். படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்க வந்த சந்தியோகு அண்ணன் எப்படியும் எதிர்க்கடையில் கதை அளந்துகொண்டு நிற்பார். கூப்பிட்டால் போதும், கிறீஸ் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். என்ன கடதாசி என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதல் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்கு எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டுத்தான் பேனையைத் தருவார்.

ஆள் விடத்தல்தீவு. சண்டை முடிந்து முகாமில் இருந்து வெளியே விட்ட பிறகு, மனைவியின் சீதனக் காணி இருந்த தோட்டவெளிக்குக் குடிவந்தவர். எஞ்சின் திருத்துவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. அந்த நாட்களில், திரும்பி வந்த சனத்துக்குத் தவணையில் எஞ்சின் தருகிறோம் என்று கம்பனிக்காரர் வரிசைகட்டி வந்தார்கள். பிணை நிற்க ஆள் வேண்டும். எஞ்சின் நல்லதா என்று பார்த்துச் சொல்ல வந்த மனுஷனே பிணைக்கும் நின்றால் என்ன என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படியே நினைத்தார். கரைவலை இழுக்கக் கூப்பிட்டால் மாட்டேன் என்றா சொல்வது, இதுவும் அப்படி ஒரு கைகொடுப்புத்தான் அவருக்கு. இப்படிப் பதினொரு பேருக்குக் கைகொடுத்திருக்கிறார். வாசித்துப் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மனைவி பெற்றிசியா அக்கா அரசாங்க மருத்துவமாது. ஊரில் மிஸி என்றால் அவதான். பிள்ளையின் நிறை ஐம்பது கிராம் குறைந்தாலும் தாயைப் பிடித்துக் கேள்வி கேட்கிற ஆள். வீட்டுத்திட்டக் காசு வந்தபோது அவவும் எல்லாரையும் போல, கொடுத்த வரைபடத்தை விட ஒரு அறை கூட்டிப் போட்டுவிட்டா. சுவர் எழும்பியது, காசு முடிந்தது. கூரை இல்லாத வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில், இரண்டு பெண்பிள்ளைகளோடு இரண்டு மாரியைக் கழித்தார்கள். இரண்டாவது மாரியில் மூத்தவளின் பள்ளிக்கூடக் கொப்பி எல்லாம் ஊறிப்போனது. அடுத்த மழைக்கு முன்னம் ஓடு போடவேண்டும் என்று அக்கா ஒரே பிடி. அவவின் சம்பளத்துக்கு வங்கி தரும் கடன் முழுக் கூரைக்கும் காணாது. அவருடைய உழைப்பையும் காட்டி இரண்டு பேரும் சேர்ந்து எடுப்பதென்று முடிவானது.

அண்ணன் சேட்டு மடிப்புக் குலையாமல் அக்காவோடு வங்கிக்குப் போனார். "நான் ஒரு ஆளிட்டையும் ஒரு சதம் கடன் எடுத்தனான் இல்லை" என்று போன கையோடு சொன்னாராம்.

கடன் பகுதியில் இருந்த நவரத்தினம் நல்ல மனுஷன். கொழும்பில் இருந்து எடுத்த கடன் அறிக்கையை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்கள் எடுக்கேல்லைத்தான், அண்ணன். ஆனா நீங்கள் பிணை நிண்ட பதினொரு கடனில நாலு கட்டாமல் கிடக்கு. அது உங்கட பேரிலதான் விழுந்திருக்கு. உங்களைச் சேர்த்தால் மிஸிக்கும் இல்லாமல் போகும்."

அக்கா அங்கே வாய் திறக்கவில்லை. ஸ்கூட்டியிலும் திறக்கவில்லை. அண்ணன் அதுதான் மோசம் என்று என்னிடம் சொன்னார். பிறகு அக்கா, அந்த நால்வரில் ஒருவரிடம் போய்த் தவணையைக் கட்டச் சொல்லிக் கேட்டுவரச் சொன்னா. மனுஷன் போனார். பின்னேரம் திரும்பி வந்தார். அந்த ஆளின் எஞ்சின் பழுதாகிக் கிடந்ததாம். அதைச் சும்மா திருத்திக் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த நண்டோடு வந்து நின்றார். எனக்குக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நண்டைச் சமைத்துவிட்டு, ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னா.

மடுவில் மாதாவுக்கு முன்னால் அவரை முழங்காலில் இருத்தி வாக்கு வாங்கினா. இனிமேல் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைப்பதில்லை. அன்று தொடக்கம் எங்கள் கந்தோருக்குச் சாட்சி இல்லாமல் போனது. கூப்பிட்டால் தூர நின்றே கையை விரிப்பார்.

புரட்டாதியில் வங்கி அக்காவின் பேரில் மட்டும் கடனுக்கு ஓம் சொன்னது. அந்தக் காசு இரண்டு அறைக்கும் குசினிக்கும் ஓடு போடக் காணும். மூன்றாவது அறை வானத்தைப் பார்த்துக் கிடக்கட்டும் என்றா அக்கா. காணியை ஈடு வைக்கும் உறுதி எழுத எங்கள் கந்தோருக்கு வந்தார்கள். எல்லாம் தட்டி முடித்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தேசவழமைச் சட்டப்படி மனுசி தன்ர காணியை ஈடு வைக்கிறதெண்டாலும் புருசன் சம்மதக் கையெழுத்து வைக்கவேணும்" என்றார்.

அண்ணன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஏலாது ஐயா. மாதாவுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"அண்ணன், மழை வரப்போகுது. இண்டைக்கு வைக்காட்டி வங்கி பைலை மூடிப்போடும்" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரானுக்குப் பதினொண்டு வைச்சனீங்கள், சொந்த வீட்டுக்கு வைக்கமாட்டியளோ?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "வாக்கு மட்டுமில்லை, பெற்றிசியா. எனக்குப் பயமாக் கிடக்கு. நான் கை வைச்ச கடதாசி ஒண்டும் உருப்படேல்லை. இது உம்மட பேரில சுத்தமா வந்திருக்கு. நான் வைச்சு இதையும் நாசமாக்கவோ?"

நான் சொன்னதெல்லாம் திரும்பி என் வாய்க்குள் போய்விடாதா என்று இருந்தது எனக்கு. பெற்றிசியா அக்கா உறுதியை எடுத்து அவர் பக்கம் வைத்தா.

"வாக்கு வாங்கினவள் நான். மாதாட்டை நான் சொல்லிக்கொள்ளுறன். தோட்டவெளிக் கோயில் கலியாணப் பதிவிலயும் நீங்கள்தானே வைச்சனீங்கள். அது பிழைச்சதோ?"

அண்ணன் கதிரையில் திரும்ப இருந்து, மூக்கைச் சேட்டுக் கையில் துடைத்தார். உறுதியின் முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினார். பன்னிரண்டு பக்கமும் வாசித்துத்தான் பேனையைக் கேட்டார். அன்று அடம்பன் பஸ்ஸை விட்டுவிட்டேன்.