தங்கக் கலர் ரீல்

இளமாறனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், வலை வீசிப் பிழைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இது வெளியே சொல்லக்கூடிய வியாதி அல்ல. படகு முதல் அலையைத் தாண்டுவதற்குள் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அப்பா எத்திராஜ் ஒன்றிரண்டு முறை ஏற்றிப் பார்த்தார். "இவன் மீன் புடிக்க வர்ல, மீனுக்கு சோறு போட வர்றான்" என்று கரையிலேயே இறக்கிவிட்டார். மீன் வாடையும் ஆகாது. அம்மா கன்னியம்மா கூடையோடு உள்ளே நுழைந்தால் இவன் புத்தகத்தோடு வெளியே போய்விடுவான். அப்படிப் போய்ப் போய்த்தான் நன்றாகப் படித்தான். குப்பம் அதை அறிவுத் தாகம் என்று இன்றுவரை நம்புகிறது.

2003-இல் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தான். முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து அப்பாவின் வேலையைச் சொல்ல வேண்டும். பேங்க் சார், ரயில்வே சார், ரிட்டயர்டு சார் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் இவன் முறை வந்தது. "கடல்ல மீன் புடிக்கிறாரு" என்றதும் தூங்கிக்கொண்டிருந்த கடைசி பெஞ்சுகூடத் திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் தன்னை ஆர்வமாகப் பார்த்த சந்தோஷத்தில், தனக்கு வாந்தி வரும் என்கிற மீதிக் கதையை இளமாறன் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான்.

அன்றே பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டவன் டெனிஸ். சேலையூர்க்காரன். அம்மா ஞானசௌந்தரி பள்ளிக்கூட டீச்சர். டெனிஸுக்கு மீன்பிடிப்பு என்றால் பைத்தியம். டிவியில் ஏதோ ஒரு சேனலில் வெள்ளைக்காரர்கள் ஆற்றில் நின்று மீன் பிடித்து, அதற்கு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுவதைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, கம்பும், தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலும் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். கேம்ப் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆராய்ச்சியும் செய்திருந்தான். பரீட்சைக்கு அதில் பாதி உழைத்திருந்தால் அம்மா ஸ்தோத்திரம் செலுத்தியிருப்பார்.

ஆராய்ச்சியின் முடிவு எளிமையானது. கையில் காசு கம்மி என்றால் கம்பில் மிச்சம் பிடி, ரீலில் மிச்சம் பிடிக்காதே. ஒன்றுக்குள் ஒன்று இழுத்து நீட்டுகிற கம்பு பையில் வைக்க அழகு, வீசும்போது அழுகை. உப்புத் தண்ணீருக்கு என்றால் துருப் பிடிக்காத ரீல்தானா என்று கேட்டு வாங்கு. மனப்பாடமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா நீ வந்து பாத்து சொன்னாதான் மச்சான் வாங்குவேன். உனக்கு ரத்தத்துலயே இருக்கும்ல?" என்றான்.

இளமாறன் ரத்தத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் போனான்.

மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய், பாரிமுனைச் சந்து ஒன்றில் தூண்டில் சாமான் கடையைக் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, கறுப்பாக, விளக்கமாற்றுக் கட்டை மாதிரி இரண்டு துண்டுக் கம்பு. அதோடு அழகே இல்லாத ஒரு சாம்பல் ரீல். இன்னொன்று, ஆன்டெனா மாதிரி நீளும் கம்பு, தங்கக் கலர் ரீல், ஜிப் வைத்த பை, இலவசமாக ஒரு ரப்பர் மீன். விலையில் பெரிய வித்தியாசமில்லை. டெனிஸ் சாம்பல் ரீலைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு பக்தியோடு இளமாறனைப் பார்த்தான்.

இந்த இடத்தில் 'நீ சொன்னதே சரி' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நிபுணன் என்று கூட்டிப்போன ஆள், கூட்டிப்போனவன் சொன்னதையே சொன்னால் நிபுணனுக்கு என்ன மரியாதை? இளமாறன் தங்க ரீலைக் கையில் எடுத்து, காதருகே வைத்துச் சுற்றி, கண்ணை மூடினான்.

"இதான்."

"இது ஏரி குளத்துக்குப் போறது தம்பி," என்றார் கடைக்காரர்.

"அண்ணா, இவங்கப்பா கடல்ல போறவரு," என்றான் டெனிஸ் பெருமையாக. கடைக்காரர் பில் போட்டார்.

முட்டுக்காட்டுப் பாலத்தடியில், உப்பங்கழி கடலோடு சேருகிற இடத்தில் தொடங்கினார்கள். முதல் வாரம் வீசியபோது கம்பின் நுனித் துண்டு மீனைத் தேடித் தானே தண்ணீருக்குள் போனது. நரம்போடு இழுத்தெடுத்து ஒட்டவைத்தார்கள். அடுத்த வாரம் தங்கம் வெளுத்தது. அதற்கடுத்த வாரம் ரீல் மாவு மில் மாதிரிச் சத்தம் போட்டது. பக்கத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, வெறுங்கையால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டெனிஸுக்கு ஒரு நெத்திலிகூட மாட்டவில்லை.

அவன் திட்டியிருந்தால் இளமாறன் தப்பித்திருப்பான். டெனிஸ் திட்டவில்லை. "கம்புல குறையில்ல மச்சான். நீ பாத்து எடுத்தது. என் கைதான் சரியில்ல. அடுத்த வாரத்தோட விட்டுடலாம்னு இருக்கேன்," என்றான்.

அந்த வார்த்தை இளமாறனுக்குச் சோற்றில் கல்லாகக் கடித்தது. வகுப்பில் டெனிஸ் பேனா கேட்டால் இரண்டாகக் கொடுத்தான். கேன்டீனில் தன் வடையைப் பாதி பிய்த்துக் கொடுத்தான். குற்ற உணர்ச்சிக்கு வடை பத்தாது என்று தெரிந்ததும், சனிக்கிழமை காலை அம்மா முன்னால் போய் நின்றான்.

"ஒரு மீனு குடும்மா. கொஞ்சம் பெருசா."

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடா அதிசயமா கீது! மூக்கப் பொத்திகினு ஓடுற தொரை மீனு கேக்குறாரு. யாருக்கு?"

"ஃப்ரெண்டு டெனிஸ் வூட்டுக்கு. அவங்கம்மா டீச்சரு."

"டீச்சரம்மாவுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இரு." உள்ளே போய் நல்ல கொடுவா ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வரும்போது அது பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு வந்தது. "ஐஸு மேலயே வெச்சிகினு போ. டீச்சரம்மாவ கேட்டேன்னு சொல்லு."

முட்டுக்காட்டில் டெனிஸ் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, இளமாறன் நரம்பை இழுத்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கொடுவாவின் வாயில் தூண்டிலைச் செருகித் தண்ணீரில் தள்ளினான். நீர் கடல் பக்கம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் கம்பு வளைந்தது.

"டெனிஸு! மாட்டிக்கிச்சு!"

டீயைப் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டு டெனிஸ் ஓடிவந்தான். ரீல் அரைத்தது, முனகியது, எப்படியோ சுற்றியது. "எவ்ளோ பெருசு மச்சான்! ஆனா துள்ளவே இல்லயே?"

"பெரிய மீனுங்க அப்படித்தான். மரியாதையா வரும்."

டெனிஸ் கையை நீட்டியபோது, "நீ தொடாத, முள்ளு ஏறிடும்" என்று தானே கழற்றிக் கவரில் போட்டுக் கொடுத்தான். டெனிஸின் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து இளமாறனுக்கு நிம்மதி வந்தது.

நிம்மதி திங்கட்கிழமை வரை இருந்தது.

"மச்சான்," என்றான் டெனிஸ், கேன்டீனில், வெகு அமைதியாக. "உங்கம்மா ரொம்ப நல்லா கிளீன் பண்ணியிருந்தாங்க."

"இன்னாது?"

"மீனை. குடல் இல்ல, செவுள் இல்ல. வயித்துல கோடு போட்ட மாதிரி வெட்டு. எங்கம்மா திருப்பிப் பாத்துட்டு, 'முட்டுக்காட்டு மீனெல்லாம் குடலைக் கழட்டி வச்சிட்டுத்தான் நீந்தப் போகுதோ?'ன்னு கேட்டாங்க."

இளமாறனுக்குக் கரையிலேயே கடல் வந்தது. "நீ இன்னா சொன்ன?"

"உன் பேரைச் சொல்ல முடியுமா? மார்க்கெட்ல வாங்கினேன்னு சொல்லிட்டேன். 'டியூஷன் காசையும் கரியாக்கிட்டு, அம்மாகிட்ட பொய்யும் சொல்றியா'ன்னு... அதோட பேசறதில்ல. நேத்து சர்ச்சுல பக்கத்துல உக்காரக்கூட இல்ல, தள்ளிப் போய் உக்காந்துட்டாங்க." டெனிஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அந்த வீட்டில் பொய்தான் பெரிய பாவம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சாயங்காலமே இளமாறன் சேலையூருக்குப் போனான். ஞானசௌந்தரி வாசல் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். டெனிஸ் சமையலறைப் பக்கம் நின்றான்.

"ஆன்ட்டி, டெனிஸ் மேல தப்பே இல்ல. அந்த மீன் எங்க வீட்டு மீன். அவனுக்குத் தெரியாம நான்தான் தூண்டில்ல மாட்டினேன். அந்த ரீலும் நான்தான் தப்பா எடுத்துக் குடுத்தேன். அவன் வேறதான் எடுக்க இருந்தான்."

ஞானசௌந்தரி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, உங்கப்பா மீனவர்தானே?"

"ஆமா ஆன்ட்டி."

"அம்மா மீன் விக்கிறாங்க?"

"ஆமா."

"குடல் எடுத்த மீனைத் தூண்டில்ல மாட்டினா யாராவது கண்டுபிடிப்பாங்கன்னு ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது ஆன்ட்டி. நான் பாக்கவே இல்ல. எனக்கு மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. வாடையே ஆகாது. படகுல ஏறினா வாந்தி எடுப்பேன்."

கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததை அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ஞானசௌந்தரியின் முகம் மெல்ல இளகியது. எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"ஃப்ரெண்டுக்காக உங்கப்பா தொழிலையே தெரியாதுன்னு சொல்றே பாரு. இவ்வளவு நல்ல மனசு. ஆனா பொய் பொய்தாம்ப்பா." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "டேய் டெனிஸ்! உன்னால ஒரு நல்ல பிள்ளை வாயில பொய் வருது பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி, நிஜமாவே—"

"போதும்ப்பா. உக்காரு, காபி கொண்டு வர்றேன்."

காபி வந்தது. குடித்தான். கிளம்பும்போது ஞானசௌந்தரி ஒரு ஒயர் கூடையைக் கொண்டுவந்து அவன் கையில் மாட்டினார். "சனிக்கிழமை தாம்பரம் மார்க்கெட்ல எனக்கு நல்ல வஞ்சிரமா பாத்து வாங்கிக் குடுத்துட்டுப் போ. இவனை அனுப்பவே மாட்டேன். நீ பாத்தா ஏமாத்த முடியாது."

டெனிஸ் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். தெருமுனை திரும்பியதும் கேட்டான்.

"மச்சான், அந்த வாந்தி மேட்டர்..."

"நிஜம்டா."

டெனிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு முதுகில் தட்டினான். "அம்மாகிட்ட சொன்னது ஓகே. என்கிட்டயுமா?"

கோவளம் பஸ் வந்தது. இளமாறன் காலிக் கூடையோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீன் வாங்கப் போகிறவர்கள் நல்ல வஞ்சிரத்தை எப்படிப் பார்ப்பார்கள், கண்ணையா, செவுளையா என்று யோசித்துக்கொண்டே வந்தான். அம்மாவைக் கேட்கலாம். ஆனால் அவள் மறுபடியும் 'யாருக்கு' என்று கேட்பாள். 'டீச்சரம்மாவுக்கு' என்றால் மறுபடியும் ஒன்றைக் குடல் எடுத்து, கவரில் போட்டு, முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவாள்.