அறுபது அடி ஆழம்

அந்த ஏரிக்குப் பெடல் படகு ஓட்ட வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். படகுத்துறைப் பொறுப்பாளர். ஐம்பத்திரண்டு வயது, ஒட்ட வெட்டிய முடி, கழுத்தில் விசில். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஊர் வைத்த பெயர் ‘அறுபதடி’.

காரணம் ஏரி நடுவே மிதக்கும் நீலப் பீப்பாய்கள். கயிறு கட்டி வளைத்திருக்கும் அந்த இடத்தைக் காட்டி, "அந்தப் பக்கம் போயிடாதீங்க. அறுபது அடி. நானே இறங்கிப் பார்த்திருக்கேன்" என்று நாளுக்கு இருபது தடவையாவது சொல்வார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். தாய்மார்கள் குழந்தைகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அவர் இறங்கிப் பார்த்ததே இல்லை. இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பதினாலு வருடம் முன்னால் அவரும் அவருடைய தங்கை புருஷனும் ஒரு சின்னப் படகில் நீர்க்களை அறுக்கப் போனார்கள். மச்சானுக்கு நீச்சல் தெரியாது. எட்டி இழுத்த கொடியோடு தலைகுப்புற விழுந்தான். ஒரு கை மேலே வந்தது. மறுபடியும் வந்தது. இவருக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆனாலும் படகின் விளிம்பைப் பிடித்த விரல்கள் விடவில்லை. கண் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் பழையபடி கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் அசைந்தார். விளிம்பைப் பிடித்தபடியே ஒரே ஒரு முங்கு முங்கி உடம்பை நனைத்துக்கொண்டு கரைக்கு வந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

"ஒன்பது தடவை முங்கினேன்! அடியே தட்டுப்படலை! அறுபது அடிக்குக் குறையாது! இடது காது போச்சு!"

மறுநாள் சாயங்காலம் உடல் தானாகவே மிதந்து வந்தது. அதனால் அந்த இடத்தில் ஒரு கழியைக்கூட யாரும் விட்டுப் பார்க்கவில்லை. பீப்பாய் கட்டச் சொன்னவரும் அவரே.

கல்யாணமாகி இரண்டே வருடத்தில் பொட்டிழந்த தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்தாள். டிக்கெட் அறையில் வேலை வாங்கிக் கொடுத்தார். "தங்கச்சிக்காகக் கல்யாணமே வேண்டாம்னு இருக்கான்யா, இவன் மனுஷனா தெய்வமா!" என்று ஊரே மெச்சியது. அவளும் அப்படித்தான் நினைத்தாள். அண்ணன் சாப்பிடாமல் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். எது பேசினாலும் அவருடைய வலது பக்கம் வந்து நின்றுதான் பேசுவாள். மாமியார் வீட்டார் ஒருநாள் வந்து, "பக்கத்துல இருந்தும் உன் அண்ணன் காப்பாத்தலையே" என்றபோது ஆவேசமாக வாசலுக்கு வந்தாள்.

"காது கிழிய முங்கின மனுஷனைப் பேசுற நாக்கு அழுகிப்போகும். வெளிய போங்க!"

இரண்டு நல்ல வரன்கள் வந்தன. இரண்டையும் தட்டிக் கழித்தாள். "எனக்காக உயிரைக் கொடுக்கத் துணிஞ்ச அண்ணனை விட்டுட்டு எங்க போவேன்?" அதைக் கேட்டு அவர் கண் கலங்கினார். இரவில் நன்றாகத் தூங்கவும் செய்தார். பொய்யும் பழகிவிட்டால் பாயைப் போல்தான், விரித்துப் படுத்துக்கொள்ளலாம்.

இப்படி இருக்கையில் சர்வே படகு வந்தது.

ஏரியில் விசைப்படகு விடப்போகிறார்களாம். அதற்கு முன்னால் அடித்தரையை அளந்து வரைபடம் போட வேண்டும். இருபத்தாறு வயசு இன்ஜினியர் பெண் ஒருத்தி கருவிகளோடு வந்து இறங்கினாள். மேடம் என்றால் மேடம்தான், ஆனால் ஓயாத வாய், சிரித்த முகம்.

"இந்தக் குழாய் நுனியில இருக்கிற கருவி அடியைப் பார்த்து சத்தம் அனுப்பும், ஐயா. சத்தம் திரும்பி வர்ற நேரத்தை வெச்சு ஆழம் சொல்லும். நாம செய்ய வேண்டியது ஒண்ணுதான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேர்க்கோடா ஓட்டணும். பத்து மீட்டர் தள்ளி அடுத்த கோடு. சிக்கு விழாம தலை வாருற மாதிரி! ஏரி தெரிஞ்ச ஆள் நீங்கதானாமே? ஸ்டியரிங் உங்க கையில."

மறுத்தால் சந்தேகம் வரும். பிடித்தார்.

இரண்டு நாள் கோடு பிசகவில்லை. மூன்றாம் நாள் பீப்பாய்களை அவிழ்த்துக் கரையில் போட்டார்கள். அந்த இடம் நெருங்கியது. மேடம் குடைக்குள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினார். படகு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த கோட்டில் மறுபக்கமாகச் சுற்றினார். அப்பாடா!

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் கையால் கெட்டார். நேராக ஓட்டியிருந்தால் லட்சம் புள்ளிகளில் அதுவும் ஒரு புள்ளியாகப் போயிருக்கும். யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாலையில் மேடம் கணினித் திரையைத் திறந்தபோது ஏரி முழுக்க நிறம் நிரம்பியிருந்தது. நட்டநடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு ஓட்டை.

"இங்க மட்டும் கோடு வளைஞ்சிருக்கே, ஐயா?"

"பாறை இருக்குமோன்னு ஒதுங்கினேன், மேடம்."

"பாறையா? அப்ப விடவே கூடாது! நாளைக்கு நீளவாக்குல, குறுக்குவாக்குல, நல்லா நெருக்கி நெருக்கி ஓட்டிடலாம். நானே ஓட்டுறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க."

மறுநாள் அந்த ஏரியிலேயே மிக நுட்பமாக அளக்கப்பட்ட இடம் அதுதான். அவர் படகின் ஓரத்தில், தூக்குக்குக் காத்திருக்கிற கைதி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நாலு மீட்டர்!" என்று கூவினாள் மேடம். "பதிமூணு அடிதான்!"

"சேறு சேர்ந்து மேடாகியிருக்கும், மேடம். பதினாலு வருஷமாச்சே..."

"அதையும் பார்த்துடலாம். இந்தக் கருவி சேத்தையும் ஊடுருவிப் பார்க்கும்... இல்லையே, ஐயா. சாண் அளவுதான் சேறு. அதுக்குக் கீழ கெட்டித் தரை. என்னைக்குமே இவ்வளவுதான் இருந்திருக்கும்."

அவளுக்கு யார் மேலும் வன்மம் இல்லை. கருவி நன்றாக வேலை செய்கிற சந்தோஷம், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்திலேயே வரைபடத்தை அச்சடித்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். படகுத்துறை ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"யோவ் அறுபதடி!" படகுகளைப் பற்றவைக்கிற வெல்டர் கத்தினான். "மீதி நாற்பத்தேழு அடி எங்கய்யா? வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஜன்னலுக்குள் டிக்கெட் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

"பதிமூணு அடின்னா எவ்வளவு, மேடம்?"

"இந்தப் படகு ஷெட் கூரை உயரம்தான், அக்கா."

தங்கை எட்டிக் கூரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எத்தனை பேருக்கு டிக்கெட்?" என்று வரிசையில் நின்றவரிடம் கேட்டாள்.

அன்று இரவு வழக்கம் போலத்தான் சோறு போட்டாள். ஆழத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஆயிரம் சமாதானம் கோர்த்து வைத்திருந்தார் அவர். தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தபோது, அவருடைய இடது பக்கம் வந்து நின்று, மூச்சுவிடுகிற சத்தத்தில் கேட்டாள்.

"உப்பு போதுமாண்ணா?"

"போதும்மா."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விடிந்ததும், படகுத்துறை திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, "வாண்ணா, ஏரியில ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள். மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவர் போல அவர் பெடல் படகில் ஏறினார். இருவரும் மிதித்தார்கள். நடு ஏரியில் அவள் காலை நிறுத்தினாள்.

"இறங்கு."

"அம்மாடி... அன்னைக்குப் பயந்துட்டேன்மா. கை விடலை. வேணும்னு செய்யலை..."

"பயந்தவனோட தங்கச்சியா இருந்தா, அழுது முடிச்சிட்டு என் வழியைப் பார்த்துட்டுப் போயிருப்பேன். உன்னைச் சாமியாக்கி, என்னைப் பூசாரியா உட்கார வெச்சுட்டியேண்ணா. பதினாலு வருஷம்!" குரல் உடைந்தது. உடனே இறுகியது. "இறங்கு. அடியிலேருந்து ஒரு பிடி சேறு எடுத்துட்டு வா."

சட்டையோடு இறங்கினார். மூச்சை இழுத்து முங்கினார். தண்ணீர் குளிர்ந்தது, காது அடைத்தது, இரண்டு நல்ல காதும். இன்னும் ஆழம் இருக்கட்டுமே, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று அந்த நேரத்திலும் வேண்டிக்கொண்டார். நினைத்து முடிப்பதற்குள் விரல் தரையில் குத்தியது. அள்ளிக்கொண்டு மேலே வந்தார். மூச்சுகூட அதிகம் வாங்கவில்லை.

கையை நீட்டினார். விரலிடுக்கில் கறுப்புச் சேறு ஒழுகியது. அவள் அதைப் பார்க்கவில்லை. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இருபத்திரண்டு" என்றாள்.

"என்னம்மா?"

"எண்ணிக்கிட்டிருந்தேன். போக, வர, இருபத்திரண்டு எண்ணுற நேரம்."

அவர் படகின் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டினார். அவள் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, எடுத்துவிட்டாள்.

"உனக்குத்தான் நீச்சல் தெரியுமே," என்றாள், "வந்துடுவே."

இரண்டு பேர் மிதிக்கிற படகை ஒருத்தியாக மிதித்துக்கொண்டு கரையைப் பார்த்துப் போனாள்.