கொழுந்து வராத நாளில் எடுத்த டேப்

அன்னைக்கு ஃபேக்டரி மாடியில் இருந்தவர்கள்.

சாக்ஸபோன் வாசிக்கும் பெரியவர். கிட்டார் வாசிக்கும் வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர், டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். பேஸ் வாசிக்கும் சிங்கள அண்ணன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல். எங்கள் தேயிலை ஃபேக்டரியை நடத்தும் டீமேக்கர், சாவி அவரிடம். டிரம் அடிக்க நான்.

அந்த மாடியில்தான் எனக்கு வேலை. மலையில் இருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்புவோம். அடியில் இருந்து பெரிய ஃபேன் இளஞ்சூட்டுக் காற்று அடிக்கும். கொழுந்து வாடும். ராப்பகலாக இரைச்சல். கீழே லயத்து வீட்டில் படுத்திருந்தாலும் தெரியும், இப்போ போட்டாங்க, இப்போ நிறுத்தினாங்க என்று.

சனிக்கிழமை சாயந்திரம் நாங்கள் நாலு பேரும் அந்தச் சமையல் அண்ணனின் ஹோட்டலில் வாசிப்போம். நான் திருவிழா இசைக்குழுவில் அடித்தவன். ஹோட்டலில் டிரம் அடித்த ஆள் மாலைத்தீவுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். முதல் நாளே பெரியவர் சொன்னார்.

"தம்பி, தேர் இழுக்குறதுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க. இங்க சாமி தானா நடந்து போகும். மெதுவா."

குச்சியை வாங்கி வைத்துக்கொண்டு கம்பி பிரஷ் இரண்டைக் கையில் கொடுத்தார். ஜாஸ் என்றால் என்ன என்று அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவருடைய அப்பா வட்டவளைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இஞ்சின் டிரைவர். பெரியவர் மாதா கோயில் பேண்டில் ஊதத் தொடங்கி, கொழும்புக்குப் போய், ஹோட்டல், கப்பல் என்று சுற்றியவர். பாட்டுக்காரர்கள் போட்ட இசைத்தட்டுகளில் நிறைய வாசித்திருக்கிறார். தட்டில் பாட்டுக்காரர் பேர் இருக்கும். இவர் பேர் இருக்காது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நாலு பேர் வாசிக்கிறதுதான் வாசிப்பு என்பார்.

"பதினைஞ்சு பேர் பேண்டுல நான் தூங்கினாலும் தெரியாது. நாலு பேர்ல தும்மினாலும் தெரியும்."

கொழும்பில் அவருக்கு அப்படி நாலு பேர் இருந்தார்கள். ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். டேப் தட்டுப்பாடு என்று ஸ்டூடியோக்காரர் அதன் மேலேயே வேறு பாட்டை எடுத்துவிட்டார். ஒரு டேப்பை மட்டும் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. சாக்ஸபோன் அன்றைக்கு வேலை செய்த இடத்தில் இருந்ததால் தப்பியது. அதைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்தார். கந்தப்பளையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். இதையெல்லாம் அவர் சொன்னது ஒரே தடவை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குப் பல் ஆட ஆரம்பித்தது. சீனி வியாதி. சாக்ஸபோன் ஊதும்போது மேல் பல் இரண்டும் வாய்க்கட்டையின் மேல் அழுந்தி இருக்கவேண்டும். பல் ஆடினால் சத்தமும் ஆடும். ஆஸ்பத்திரியில் மேல் வரிசை முழுக்க எடுக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை நாள் கொடுத்து இரண்டு தடவையும் இவர் போகவில்லை. மூன்றாவது தடவை டாக்டர் கோபித்துக்கொண்டார். சீழ் வைத்துவிட்டது.

"அதுக்கு முந்தி ஒரு டேப் எடுக்கணும், நாலு பேரும்" என்றார் பெரியவர். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

வாத்தியாரிடம் நல்ல ரெக்கார்டரும் மைக் இரண்டும் இருந்தன. ஹோட்டலில் எடுத்தோம், கோப்பை பீங்கான் சத்தம்தான் கேட்டது. மாதா கோயில் மண்டபத்தில் எடுத்தோம்; ஒரு அடி அடித்தால் நாலு அடி திரும்பி வந்தது. வாத்தியாரின் வாடகை வீட்டில் எடுத்தோம், தகரத்தில் மழை.

அப்போது சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் வந்தது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் போகவில்லை. கொழுந்து இல்லை. ஃபேன் நின்றது. நான் ஒரு சாமான் எடுக்க மாடிக்குப் போய்க் கை தட்டிப் பார்த்தேன். மேலேயும் ஒரு மாடி, கீழேயும் மரத்தளம். தட்டின சத்தம் தட்டின இடத்திலேயே நின்றது. பெரியவரிடம் சொன்னேன். டீமேக்கர் அவருடைய வாசிப்பு பிடித்த ஆள். சாவியைத் தந்தார்.

வியாழக்கிழமை பல் எடுக்க நாள். நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை மத்தியானம். பனி இறங்கி இருட்டாக இருந்தது. லைட் போட்டோம். ஆறு பாட்டு வாசிக்கிறதாக எண்ணம்.

முதல் பாட்டு முடிந்ததும் வாத்தியார் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார்.

"ஐயா, இது நல்லாய் இருக்கு. சுவர் ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லை."

"கடைசியில எனக்கும் ஒரு வீடு கெடைச்சிருக்கு, கொழுந்து காயப் போட்ட எடத்துல" என்றார் பெரியவர்.

இரண்டாவது பாட்டு மெதுவானது. நான் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர் வலியோடுதான் ஊதினார். இடையில் நிறுத்திக் கைக்குட்டையில் துப்புவார்; அந்த நேரம் பேஸ் அண்ணன் தனியாக நடத்துவார். பிறகு இவர் வந்து சேருவார். டேப்பில் கேட்டால் அப்படி வாசிக்கவேண்டும் என்று வாசித்தது போலத்தான் இருக்கும்.

அது முடிந்தபோது குளிர் ஏறிவிட்டது. பெரியவரின் விரல் மடங்கவில்லை. சாக்ஸபோனும் குளிர்ந்து சுருதி இறங்கியது.

"டீமேக்கர், அந்தச் சூட்டுக் காத்த கொஞ்சம் போடுங்களேன்."

டீமேக்கர் போய் ஸ்விட்சைப் போட்டார். பெரியவர் காலித் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து கையையும் சாக்ஸபோனையும் காற்றில் காட்டினார். அஞ்சு நிமிஷம். நிறுத்தினோம். ஃபேன் சத்தத்துக்கு லயத்தில் என்ன அர்த்தம் என்று டீமேக்கருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது பாட்டு பாதிக்கு மேல் போனது. பெரியவர் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். தகரச் சுவரில் கல் விழுந்தது. பிறகு இன்னொரு கல். பிறகு படியில் ஆட்கள்.

முன்னால் தோட்டத் தலைவர், சங்கத்து ஆள். பின்னால் இருபது முப்பது பேர். அதில் என் மனைவியும்.

"எங்க கொழுந்து?" என்றார் தலைவர். "யாரு எடுத்தது? வெளியாளா?"

"கொழுந்தே இல்ல தலைவரே. தொட்டிய பாருங்க" என்றார் டீமேக்கர்.

"பின்ன எதுக்குங்க ஐயா ஃபேன் ஓடுச்சு?"

"இவருக்குக் குளிருச்சு."

கொஞ்சம் பேர் சிரித்துவிட்டார்கள். ஒரு அக்கா சொன்னது:

"எங்க லயத்துலயும்தான் குளிருது. ஆளுக்கு ஒரு ஃபேன் போட்டு விடுங்க ஐயா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. வீட்டுல அரிசி இல்ல. இங்க கச்சேரி."

ஒருத்தன் பின்னால் இருந்து "கருங்காலி" என்றான். தலைவர் திரும்பி அவனை "வாய மூடு" என்றார்.

பெரியவர் எழுந்து வந்தார். வாயில் ரத்தம் இருந்தது.

"தம்பி, நாலு பாட்டு பாக்கி. இத முடிச்சிட்டுப் போயிடுறோம். முக்கா மணி நேரம்."

தலைவர் கெட்ட ஆள் இல்லை. யோசித்தார்.

"என் கையில இல்லீங்க. லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, மியூசிக் கேக்குது. தோட்டத்துல மத்த டிவிஷன்ல இப்பவே பேச ஆரம்பிச்சிருப்பாங்க, இங்க வேலை தொடங்கியாச்சுன்னு. நாளைக்குப் பாதிப் பேரு கூடைய தூக்கிருவாங்க. ஸ்ட்ரைக் முடியட்டும். நானே வந்து கதவத் தொறந்து விடுறேன்."

"ஸ்ட்ரைக் முடிஞ்சா கொழுந்து வந்துரும் தம்பி."

தலைவர் காலித் தொட்டியைப் பார்த்தார்.

"நாளான்னைக்கு பல்லு எடுக்குறாங்க" என்றார் பெரியவர்.

"இன்னொரு நாளு எடுத்துக்கலாமே."

"நான் ரெண்டு தரம் சொல்லிப் பாத்துட்டேன். அது கேக்க மாட்டேங்குது."

பெரியவர் சாக்ஸபோனைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பேஸ் அண்ணன் "யமு மாத்தயா" என்று தோளைத் தொட்டார். போவோம் என்று. வாத்தியார் வயரைச் சுற்றினார். என் பெரிய டிரம்மைத் தலைவரே தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

வியாழக்கிழமை பல் எடுத்தார்கள்.

வேலைநிறுத்தம் கொஞ்ச நாளில் முடிந்தது. சம்பளம் கொஞ்சம் கூடியது. கேட்டது கிடைக்கவில்லை. ஃபேன் திரும்ப ஓடியது. ஒரு மாதம் போய் தலைவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"டீமேக்கர்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஃபேன நிறுத்துவாரு. பெரியவர கூட்டிக்கிட்டு வா."

"பல்லு எடுத்தாச்சுங்க."

"கட்டுப் பல்லு வைக்கலையா?"

"வைச்சாரு. காத்து போகுது."

என் மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். தலைவர் குடிக்காமல் போய்விட்டார்.

கட்டுப் பல்லோடு பெரியவர் ஹோட்டலுக்கு இரண்டு மூன்று சனிக்கிழமை வந்தார். ஊதினால் பல் தட்டு நழுவும். எடுத்து ஜேப்பில் போட்டுக்கொள்வார். பிறகு ஹோட்டலில் ஒரு கீபோர்ட் பையனை வைத்தார்கள். அந்தப் பெட்டியிலேயே டிரம் இருந்தது. எனக்கும் வேலை முடிந்தது.

ஒரு நாள் அந்த டேப்பை அவருடைய அறைக்குக் கொண்டுபோனேன். அவருடைய ரேடியோவில் போட்டோம். முதல் பாட்டைக் கேட்டார். இரண்டாவதைக் கேட்டார். மூன்றாவது தொடங்கியதும் "நிறுத்துங்க" என்றார். "மிச்சம் எனக்குத் தெரியும்."

கொழும்பில் ஒரு சிடி போடும் ஆளிடம் வாத்தியார் பேசினார். அந்த ஆள் டேப்பைக் கேட்டு நல்லாயிருக்கு என்றார். ஆனால் இது போதாது, இதே அளவு இன்னும் ஒரு பங்கு இருந்தால் போடலாம் என்றார். இன்னும் ஒரு பங்கு இல்லை.

பேஸ் அண்ணன் குவைத்துக்குச் சமையலுக்குப் போனார். சண்டை நிறுத்தம் வந்த காலத்தில் வாத்தியார் மாற்றம் வாங்கி ஊருக்குப் போனார். போகும்போது டேப்பை என்னிடம் கொடுத்தார். அதற்கு அடுத்த வருஷம் கந்தப்பளையில் பெரியவர் செத்துப்போனார். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. டீமேக்கரும் தலைவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஊதின மனுஷன். நாலு பேரோடு அவர் வாசித்ததில் மிஞ்சினது எவ்வளவு என்று சில பேர் கேட்பார்கள். பாதியில் நின்றதையும் சேர்த்துச் சொல்வேன்.

பத்தொன்பது நிமிஷம்.