பத்தாவது ரேகை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரையே கேலி செய்தவள்தான் நானும். இது என் கண்ணால் பார்த்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அரசு மானியம் வாங்கும் விடுதிகளைச் சோதிப்பது என் வேலை. அன்று போனது, புருஷனிடம் அடிபட்டு ஓடிவரும் பழங்குடிப் பெண்களுக்கான காப்பகம். அந்த மலை முழுக்கத் தேடினாலும் அதைவிட்டால் வேறு கிடையாது. பத்துக் கட்டில், பத்துப் பேர். சோதனை நாளில் ஒரு தலை குறைந்தாலும் மானியம் நிற்கும், காப்பகத்தை மூட வேண்டியதுதான். ஒரு தலை கூடவும் கூடாது. விதி விஷயத்தில் நான் படு கறார்.

மாலை 5.50. நல்ல மழை. ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

"ஒருத்தி நேத்துதான் அவங்க அம்மா வீட்டுக்குப் போனா, மேடம்," என்றார் காப்பாளர் அக்கா. "ஒரு ஆளுக்காக மூடிட்டா மத்தவங்க எங்க போவாங்க? திரும்ப அந்த அடிக்கா?"

"நான் என்னக்கா பண்றது? இருக்கிறதைத்தானே எழுத முடியும்."

காலியான கட்டிலைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது.

"கூரை ஒழுகுதா?"

"இல்லையே மேடம்..."

6.12க்குக் கரண்ட் போனது. அக்கா மெழுகுவத்தி தேடப் போனார். நான் கைப்பேசி வெளிச்சத்தில் பதிவேட்டைப் பிரித்து, வரிசையாகக் கட்டைவிரல் ரேகை வாங்கினேன்.

ஏழு. எட்டு. ஒன்பது.

மூடப் போனேன்... இன்னொரு கை நீண்டது.

ஈரக் கை. ஐஸ் மாதிரிச் சில்லென்று இருந்தது. கட்டைவிரலின் குறுக்கே வெட்டுத் தழும்பு.

வெளிச்சத்தை உயர்த்தினேன். குனிந்த தலை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டப்... டப்...

"இப்பவாவது இடம் இருக்கா?"

"இ... இருக்கு."

6.19. கரண்ட் வந்தது.

ஒன்பது பேர். வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

பதிவேட்டில் பத்து ரேகை.

பத்து என்றே எழுதிக் கொடுத்தேன். மானியம் வந்தது, காப்பகம் பிழைத்தது.

மறுவாரம், பதிவேட்டில் அந்தப் பத்தாவது ரேகையைப் பார்த்த அக்கா எனக்கு ஒரு பழைய விண்ணப்பத்தை அனுப்பினார். போன வருடம், இதே மழைக்காலத்தில், பதினோராவதாக வந்து நின்ற பெண்ணைச் சேர்த்துக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை. திரும்பிப் போனவளை அன்றைக்கே புருஷன் ஓடையில் அமுக்கிக் கொன்றுவிட்டானாம்.

விண்ணப்பத்தின் அடியில் அவள் ரேகை. குறுக்கே அதே தழும்பு.

பக்கத்திலேயே சிவப்பு மையில், 'பத்துக்கு மேல் இடமில்லை.'

கையெழுத்து என்னுடையது.