ஐந்து பேர் என்றது திரை

போன மாதம் தூத்துக்குடிக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல. அங்கிருந்து தெற்கே ஒரு மீனவர் ஊரில், யார் எந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறார்கள் என்று பதியும் செயலியை எழுதியவன் நான். அந்த ஊர் மீனவர் சங்க அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்த மறுநாளே பெயர்களெல்லாம் கேள்விக்குறியாகத் தெரிகின்றன என்று சங்கச் செயலாளர் லூர்து அண்ணாச்சி ஃபோன் செய்தார். அரை நாள் வேலை, மதியம் மீன் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரை என்று திட்டம் போட்டேன். என் நினைப்பைப் பாருங்கள்!

சென்னையிலிருந்து ரயில், ஸ்லீப்பர் 405 ரூபாய். காலை ஆறரைக்குத் தூத்துக்குடி. திருச்செந்தூர் பேருந்தில் 20 கிலோமீட்டர், 22 ரூபாய். ஊர்ச்சாலை பிரியும் விலக்கில் இறங்கி உள்ளே போக ஆட்டோ 80. எட்டரைக்கு வேலையைத் தொடங்கிவிட்டேன்.

முதல் அதிர்ச்சி அங்கேயே. காட்டுவதில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். தரவுத்தளத்துக்குள்ளேயே கேள்விக்குறிதான் இருந்தது. புது சர்வரின் எழுத்துக்குறியீடு latin1. அதற்குத் தமிழ் தெரியாது, வந்த ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டது. இனி எந்த மந்திரம் போட்டாலும் அந்தப் பெயர்கள் திரும்பாது.

பத்தரைக்கு வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. அன்று போன ஒரு வள்ளம் கவிழ்ந்துவிட்டது. ஒரு படகு மூன்று பேரைத் தூக்கியிருக்கிறது, இன்னொன்று இரண்டு பேரை. அண்ணாச்சி என் திரையைப் பார்த்தார். ஆளுக்கு ஒரு வரி; அந்த வள்ளத்துக்கு ஐந்து வரிகள்.

"அஞ்சுதான். எல்லாரும் வந்துட்டாங்க. தேடுதத நிப்பாட்டச் சொல்லுதேன்" என்றார். பெயர் போனாலும் எண்ணிக்கையாவது உதவியதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அங்கே விடிகாலையில் கரைக்கு வருகிறவர்கள் காலியான வள்ளத்தில் ஏறிக்கொள்வார்கள். இன்றைக்கு யார் போனது என்று வள்ளத்தின் சொந்தக்காரருக்கே தெரியாது. பதிவிலும் பெயர் இல்லாததால் அந்த வள்ளத்தில் போனவர்களின் வீட்டார் வரும்படி கோயில் மைக்கில் சொன்னார்கள். ஏழு பெண்கள் வந்தார்கள்.

"அஞ்சு பேருதாம்மா போனது" என்றேன்.

செல்வி என்ற பெண் முன்னால் வந்தார். "அவிய போகும்போது நாந்தான் கஞ்சி குடுத்துவிட்டேன். ஒன் கம்ப்யூட்டர்ல இல்லன்னா எம் வீட்டுக்காரரு கடலுக்கே போகலன்னு சொல்லுதியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையில் பெயர் பதிகிறவர்கள் ஈரக் கையோடு இரண்டு தடவை பொத்தானை அழுத்துகிறார்கள் என்பதற்காக, ஒரே வள்ளத்தில் ஒரே பெயர் மறுபடி வந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடும்படி நான்தான் எழுதியிருந்தேன். எல்லாம் கேள்விக்குறியானதும், ஒரே நீளமுள்ள வெவ்வேறு பெயர்கள் ஒன்றாகிவிட்டன. ஏழு பேர் ஐந்தானார்கள். கடலில் மீட்கப்பட்டவர்களோ, மற்றவர்கள் அடுத்த படகில் இருப்பதாக நினைத்துவிட்டார்கள்.

"அண்ணாச்சி, ஏழு!" என்று கத்தினேன். அவர் வயர்லெஸ்ஸைப் பாய்ந்து எடுத்தார்.

இரண்டே முக்காலுக்கு டீசல் கேனைப் பிடித்தபடி இரண்டு பேரும் கிடைத்தார்கள், உயிரோடு. செல்வி கரைக்கு ஓடினார். நான் அங்கே நிற்கக் கூசி உள்ளே போய்விட்டேன்.

இதுபோன்ற வேலைக்குப் போகிறவர்களுக்கு: தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு மூன்றையும் தமிழைத் தாங்கும் utf8mb4 குறியீட்டுக்கு மாற்றுங்கள். ஊர் திரும்பக் கடைசிப் பேருந்து எப்போது என்று விலக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, ஒரே நீளமுள்ள இரண்டு தமிழ்ப் பெயர்களைப் பதிந்து பாருங்கள். ஒன்றுதான் நிற்கிறது என்றால், மறுநாள் விடியுமுன் கரைக்கு ஒரு நோட்டும் பேனாவுமாகப் போய் நில்லுங்கள்.