விரலுக்குக் கீழே எழாத புள்ளிகள்

காலை எட்டு இருபதுக்குத்தான் அது தொடங்கியது. சாமி மேடையில் கற்பூரம் அணைந்ததும் மகள் தன் லேப்டாப்பையும் பிரெய்ல் கருவியையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கம்பியைச் செருகிவிட்டுக் கருவியின் மேல் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். ஒரு புள்ளிகூட எழவில்லை.

அவளுக்குப் பார்வை கிடையாது. அந்தக் கருவி தட்டையான பலகை மாதிரி இருக்கும். திரையில் உள்ள வரி அதன் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும். அவள் தடவிப் படிப்பாள். ஒன்பதரைக்கு ரவாங்கில் உள்ள ஓர் அலுவலகம் அவளுக்கு இணையம் வழியாக வேலைத் தேர்வு வைத்திருந்தது. தட்டச்சு செய்த கடிதங்களில் பிழை திருத்தும் வேலை. பட்டம் வாங்கி இத்தனை நாளில், விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்ட ஒரே இடம் அதுதான்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. மத்தியானம் என் கொழுந்தன் வந்திருந்தார். தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர். லேப்டாப் ஆமை மாதிரி ஊர்கிறது என்று மகள் சொன்னதுதான் தாமதம், விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்ததில் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இலவசம், வைரஸ் வராது, படித்தவர்கள் எல்லாம் இதற்குத்தான் மாறுகிறார்கள் என்று ஒரே பெருமை.

கருவியை மாட்டி ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று மகள் கேட்டாள். அதற்குள் நான் லேப்டாப்புக்கும் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, புத்தகங்களின் மேல் அடுக்கிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை தீபம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் பால்வெட்டும் கத்தியை வைத்தார்கள். புக்கிட் ரோத்தானுக்கு வீடு மாறி வந்து நாங்கள் லேப்டாப்பை வைக்கிறோம். ஒரு ராத்திரிதானே என்றார் என் கணவர். நானும் தலையாட்டினேன்.

சந்தனம் கருவியின் ஓட்டைகளில் இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வோர் ஓட்டையாகத் துடைத்தேன். நல்ல நேரம் எல்லாம் அதில் போனது.

"அம்மா, நீங்க மூச்சு விடற சத்தத்துல எனக்கு லேப்டாப் பேசறதே கேக்கல," என்றாள் மகள். "கொஞ்சம் தள்ளி நின்னு பயப்படுங்க லா."

கொழுந்தனைக் கூப்பிட்டேன். வேலை நேரத்தில் அவர்கள் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டுமாம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கருவியை விற்ற முகவர் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பேசிய பெண்ணின் குரலில் தேன் வழிந்தது. கருவியும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், எங்கள் கருவிக்கு அதை விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாள். லினக்ஸுக்கு எப்போது வரும் என்று கேட்டேன். கேட்கிறவர்கள் குறைவு, அதனால் வராது என்றாள். பிறகு, தன் சேவைக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பேன் என்று கேட்டாள். என் மகளைப் போன்றவர்கள் குறைவு என்பதை எனக்கே எடுத்துச் சொல்லிவிட்டு மதிப்பெண் கேட்கிறாள்.

இணையத்தில் தேடினேன். இதே கருவி, இதே தொல்லை என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார். கீழே இரண்டு பேர், உனக்கு லினக்ஸ் தெரியவில்லை என்று அவரை ஏசியிருந்தார்கள். கடைசியில் அவரே, சரியாகிவிட்டது, நன்றி என்று எழுதியிருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. மனிதர்கள் மேல் இவ்வளவு அருவருப்பு எனக்கு வந்ததில்லை.

எதிர் வீட்டு மலாய்க்கார அக்காவிடம் ஓடினேன். பாவம், தன் மகளின் லேப்டாப்பைக் கேட்டவுடனே கொடுத்தார். தூக்கிக்கொண்டு வந்து திறந்தால் அது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை, மூன்றாவது வகை. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்தது. இணையப் பக்கங்களைத் திறக்குமே தவிர, அந்த டிரைவரை ஏற்காது. கருவி பழுதில்லை, கம்பி பழுதில்லை, இரண்டு லேப்டாப்பும் பழுதில்லை. எல்லாம் நன்றாக இருந்தும் என் பிள்ளையின் விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

லேப்டாப்பின் புதுக் குரல் அவளுக்குப் பிடிபடவில்லை; ஒன்பதரைக்குப் பழகிய கைப்பேசியில் தேர்வைத் திறந்தாள். அது வாசித்துச் சொல்வதைக் காதால் கேட்டே எழுதுகிறேன் என்றாள். வேகமாகத்தான் போனாள். ஆனால் பிழை திருத்தும் பகுதி வந்ததும் நின்றுவிட்டாள். காற்புள்ளி விட்டுப்போனதையும், ஓர் இடைவெளி இரண்டாக விழுந்ததையும் விரல்தான் கண்டுபிடிக்கும். வாசிக்கும் குரல் அதை விழுங்கிக்கொண்டு போய்விடும். ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்டாள். மூன்றாவது கடிதத்தில் இருக்கும்போது நேரம் முடிந்து பக்கம் மூடிக்கொண்டது.

அவளே அலுவலகத்தை அழைத்து நடந்ததைச் சொன்னாள். வருத்தம் தெரிவித்தார்கள், எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே விதி என்றார்கள். சரி, நன்றி என்று வைத்துவிட்டு, கருவியை அதன் உறையில் போட்டு மூடினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல் இருந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொழுந்தன் வந்து சேர்ந்தார். என் அழைப்புகளை அப்போதுதான் பார்த்தாராம். நடந்ததைக் கேட்டுவிட்டு, நின்றபடியே லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்து நின்றது. காலையில் அதை நானும் பார்த்தேன்; இயந்திரம் தனக்குள் ஏதோ முணுமுணுக்கிறது என்று விட்டுவிட்டேன், சில விநாடிகளில் அதுவே லினக்ஸுக்குள் போய்விட்டது. மகளுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் குரல் அதில் இல்லை. அவர் கீழ் அம்புக்குறியை இரண்டு தட்டுத் தட்டி, என்டரை அழுத்தினார். பழைய விண்டோஸ் அவளுடைய எல்லாவற்றோடும் திறந்தது.

"பழசு எங்கயும் போகல அண்ணி, ரெண்டுமே உள்ளதான் இருக்கு," என்றார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."