பதினோராம் நிமிடத்துத் தடுக்கல்

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்க நேரம் இருக்காது, ஆனால் எந்தப் பாட்டும் மறக்கவும் மறக்காது. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்கள், அது ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ, இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று நம்புகிறேன். சரியான சாமானைத்தான் கொடுத்தோம், ஆனாலும் அவர் கேட்டது அதுவல்ல என்று நமக்கு மட்டும் தெரிந்த நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பி.எஸ்ஸி. முடித்த கையோடு, திருச்சி தெப்பக்குளம் பக்கத்துச் சந்து ஒன்றில் ரஹீம் பாய் நடத்திய ரெக்கார்டிங் கடையில் சேர்ந்தேன். ஐந்து வருடம் இருந்தேன்.

கேட்பதற்கு ஓர் ஆள்

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து கடையில் விட்டவர் அப்பா. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்தான் வேலை கிடைத்தது. கேசட் டப்பாவுக்குள் வைக்கும் அட்டையில் பாட்டு வரிசையை எழுத வேண்டும். பிறகு பதிந்த கேசட்டை ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கடையின் வழக்கப்படி முதல் நிமிடம், நடு நிமிடம், கடைசி நிமிடம், அவ்வளவுதான். முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு நாலு கேசட்கூடக் கொடுக்க முடியாது.

"எங்க பொண்ணு யார்கிட்டயும் அதிகமாப் பேசமாட்டா" என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் குறையாகத்தான் சொன்னார். பாய் காதில் அது அப்படி விழவில்லை.

"பேசறதுக்குத்தான் கஸ்டமருங்க இருக்காங்களே சார். இந்தக் கடையில கேக்கறதுக்குத்தான் ஒரு ஆள் இல்ல."

பாசுரத்துக்கு அப்புறம்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒரு பெரியவர், மருமான் கேட்டுச் சலித்த பழைய கேசட் ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் பாசுரங்கள் பதிந்து தரச் சொன்னார். பதிந்தோம். பாசுரம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. கடைசி நிமிடம் என்பதைப் பாசுரத்தின் கடைசி நிமிடம் என்று நானாக எடுத்துக்கொண்டு, கேசட்டின் கடைசி நிமிடத்தைக் கேட்காமல் விட்டேன். பழைய பாட்டு அங்கே அழியாமல் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். கோபம்கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். "பெருமாள் சயனத்துக்கு எழுந்தருளியாச்சும்மா. அதுக்கப்புறம் ஒருத்தன் பாத்திரக்கடையைக் கவுக்கறானே, அவன் யாரு?"

ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு

அவன் யார் என்று எனக்குத் தெரியும். மருமான் வைத்திருந்த அந்த இங்கிலீஷ் பாட்டு எங்கள் கடையில் பதிந்ததுதான். எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் இங்கே வேண்டாம். சொன்னால் உங்களில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். ஆர்கன் மட்டும் மூன்று நிமிடம் வாசிக்கும், பிறகு கிதார், பிறகு இரண்டும் வாக்குவாதம் பண்ணும். கல்லூரிப் பையன்கள் கவுண்டரில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்பார்கள்.

மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் ஒருவர், தன் கேசட்டை வாங்க வந்தவர், அந்தப் பாட்டு பதிவாகி முடியும்வரை காத்திருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "நெல்லை அவிச்சுக் காயவெச்சு அரைச்சு மூட்டையும் கட்டியிருக்கலாம். இன்னும் ஒருத்தனும் வாயைத் திறக்கலையே!"

ஊசி விழுந்த மத்தியானம்

வின்சென்ட் மன்னார்புரத்துப் பையன், பி.ஏ. கடைசி வருடம். சனிக்கிழமை மத்தியானங்களில் வருவார். மற்ற கல்லூரிப் பையன்கள் எல்லாம் என்னை 'சிஸ்டர்' என்பார்கள், இவர் மட்டும் 'ஏங்க' என்பார். ஒருநாள் அந்த இருபத்து மூன்று நிமிடப் பாட்டைப் பதிந்து தரக் கேட்டு, ஒரு புதுக் கேசட்டைக் கொடுத்தார்.

பதிவைத் தொடங்கும் முன் பாட்டில் சத்தம் உச்சமாக இருக்கும் இடத்தில் ஊசியை வைத்து, மீட்டர் முள் சிவப்பைத் தொடாதபடி அளவு வைப்போம். இந்தப் பாட்டில் அது பதினோராவது நிமிடம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து ஊசியை இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "ஏங்க" என்று அவர் கவுண்டரைத் தட்டினார். தூக்கிவாரிப்போட்டது. கை நழுவி ஊசி ரெக்கார்டில் விழுந்து, வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஒரு நகக்கீறல் நீளம்தான். ஆனால் அது பாய் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ரெக்கார்டு, நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் சட்டென்று சுவரில் தொங்கிய பாட்டு லிஸ்ட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இதைப் படிச்சிட்டு இருந்தேங்க. ஒண்ணும் பார்க்கல."

நம்ம ஊர் இடம்

அந்தக் கேசட்டை மட்டும் நான் முழுசாகக் கேட்டேன். பதினோராவது நிமிடத்தில் பாடகர் ஒரு வரியைத் தொடங்குவார். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த கணம் வேறொரு வரியின் நடுவில் இருப்பார், படியில் கால் தடுக்கியவர் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல நடப்பதைப் போல. இருபத்து மூன்றில் நடு நிமிடம் பன்னிரண்டாவது, அதனால் சரிபார்க்கும் மூன்று நிமிடங்களிலும் அந்த இடம் வராது. பாயிடம் சொல்லவில்லை. வின்சென்ட்டிடமும் ஒன்றும் சொல்லாமல் கேசட்டை நீட்டினேன்.

திங்கட்கிழமையே திரும்பி வந்தார். பாய் இருந்தார். பாய் உள்ளே போகும்வரை காத்திருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பாட்டுல அந்த ஒரு எடம்தாங்க நம்ம ஊர்ல போட்டது. அதைப் போய் மாத்திக்கீத்தி வெச்சிடாதீங்க."

அதே பாட்டு

ஆறு மாதம் கழித்து வேறொரு வாடிக்கையாளர் புகார் சொல்லி, பாய் கீறலைக் கண்டுபிடித்தார். மெட்ராஸ் போனபோது அந்த ரெக்கார்டை மூர் மார்க்கெட்டில் கொடுத்துவிட்டுப் புதிது ஒன்று வாங்கிவந்தார். அதே குழு, அதே பாட்டு. பழைய கம்பெனியோடு ஏதோ தகராறாம், வேறு கம்பெனிக்காக எல்லாவற்றையும் மறுபடி வாசித்துப் பாடியிருக்கிறார்களாம்.

ஹெட்போனில் கேட்டேன். எல்லாம் துடைத்துக் கழுவி வைத்ததுபோல் இருந்தது. பழையதில் பாடகர் உச்சத்துக்குப் போகும் முன் மூச்சை இழுப்பது கேட்கும், எட்டுமோ எட்டாதோ என்று நமக்கே பயமாக இருக்கும். புதியதில் அவருக்கு வயதாகிவிட்டது. எட்டாது என்று தெரிந்து, ஒரு படி கீழேயே ஆரம்பிக்கிறார். பழையது, கதவைச் சாத்தியதுபோல டப்பென்று நிற்கும். புதியது மெல்ல மெல்லத் தேய்ந்து, எப்போது முடிந்தது என்றே தெரியாமல் முடிகிறது. நாலு நிமிடம் குறைவு வேறு. இதையெல்லாம் எனக்குத் தெரிந்தவரை பாயிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பாட்டு அதே, ஆளும் அதே, அட்டையில பேரும் அதே. அப்புறம் என்னம்மா வேற?"

சிக்கிய டேப்

படிப்பு முடிந்ததும் வின்சென்ட் வருவது நின்றுபோயிற்று. வெளியூரில் வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் கழித்து, வெள்ளைச் சட்டையில் வயதானவர் ஒருவர், காகித உறையில் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். டேப் பிளேயரில் சிக்கி, கசங்கி, ஏழெட்டு இடத்தில் அறுந்திருந்தது. அட்டையில் என் கையெழுத்து.

அவர் வின்சென்ட்டின் அப்பா, ஆரோக்கியசாமி சார். பையன் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார். மஞ்சள்காமாலை, நாலே நாள். அம்மா தினமும் சாயங்காலம் ஜெபமாலைக்கு முன்னால் அவன் அறைக் கதவைத் திறந்துவைத்து இந்தப் பாட்டைப் போடுவார்களாம். டேப் அறுந்ததிலிருந்து அந்த அறையைத் திறக்கவே இல்லையாம். "எங்களுக்கு இங்கிலீஷ் பாட்டு புரியாதும்மா. இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்."

பாய் புது ரெக்கார்டிலிருந்து பதியச் சொன்னார். வேறென்ன செய்வது, அதுதானே இருக்கிறது. இது அது இல்லை சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அட்டையில் பழையபடியே அழகாக எழுதிக் கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் அவர் கேசட்டோடு திரும்பி வந்து, அதைக் கவுண்டரில் ஓசைப்படாமல் வைத்தார்.

"எழுத்து உங்க எழுத்துதாம்மா. பாட்டுதான் அவன் பாட்டு இல்ல."

ஒன்று கூடிப்போனது

பாய் அன்றே சிங்கப்பூரிலிருக்கும் மச்சானுக்குக் கடிதம் போட்டார். பழைய கம்பெனியின் ரெக்கார்டு வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. இரண்டு ரெக்கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிப் போட்டேன். பாயும் நின்று கேட்டார். அந்த மூச்சு வரும் இடத்தில் தாடியைத் தடவிக்கொண்டு, "ஆமாம்மா, நீங்க சொன்னது சரிதான்" என்றார். பதிந்தோம். ஒரு கீறல் கிடையாது, ஒரு தூசி கிடையாது. ஆரோக்கியசாமி சார் அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் மறுபடி வந்தார். எனக்குத் திரும்பத் திரும்பத் தொந்தரவு கொடுக்கிறோமே என்று அவருக்கு வெட்கம். பாட்டு இதுவேதான் என்று பலதடவை சொன்னார். நன்றி சொன்னார். கிளம்புவதுபோல் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினார்.

"ஒரு எடத்துல பாட்டு தடுக்கும்மா, அவன் வீட்டுல எங்க இருந்தாலும் அது வந்ததும் சிரிப்பான். இதுல தடுக்காமப் போயிடுது. அவங்கம்மா காத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா."

ரஹீம் பாய்க்குத் தெரிந்தது

அவர் போனதும் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி விழுந்தது, கீறல், வின்சென்ட் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டது. அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. பாய் புது ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். வேண்டுமானால் இதிலும் ஒரு கீறு கீறிவிடுங்கள், பரவாயில்லை என்றார். கேட்ட இடத்தில் கீறல் விழாது என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

பிறகு, கணக்கு நோட்டைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது நீங்கதான்னு எனக்கு ரெக்கார்டைப் பார்த்த அன்னிக்கே தெரியும்மா. சேர்ந்த புதுசுல ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துட்டுப் போனீங்களே, ஏன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

காரணம்

அந்த இடத்தை என்னைவிட அதிகம் கேட்டவர்கள் இந்த ஊரில் அந்த வீட்டார் மட்டும்தான். எந்த எழுத்தில் குரல் அறும், எந்த எழுத்தில் மறுபடி வரும் என்று எனக்கு மனப்பாடம். அந்த எழுத்து வந்ததும் பதிவை நிறுத்தி, ஊசியை நகர்த்தி, அடுத்த வரியின் நடுவில் சரியாக விட வேண்டும். நிறுத்தும் பொத்தானே அந்த 'டக்'கைக் கொடுத்துவிடும். முதல்தடவை சீக்கிரம் விட்டேன். இரண்டாம் தடவை தாமதம். ஆறாம் தடவை பாடகர் சரியாகத் தடுக்கி விழுந்தார்.

கேசட்டை வாங்க ஆரோக்கியசாமி சார் வந்தபோது, கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தடுக்கல் எப்படி வந்தது என்று சொன்னேன். உங்கள் மகன் பின்னாலிருந்து கூப்பிட்டார், நான் பயந்து ஊசியைப் போட்டுவிட்டேன், யாரிடமும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அவர் சிரித்திருக்கிறார் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, மறுநாள் திங்கட்கிழமை, கேசட் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். அந்த இடம் அச்சு அசலாக வந்தது என்றார். அது வந்ததும் வின்சென்ட்டின் அம்மா சிரித்தார்களாம், சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்தார்களாம், அப்புறம் வெகுநேரம் அழுதார்களாம். கவுண்டரில் கிடந்த ஒரு காலி டப்பாவைத் திறந்து திறந்து மூடினார்.

"ஏன்டா சிரிக்கிறேன்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம்மா. 'சத்தத்தைக் குறைடா'ன்னு மட்டும்தான் நாங்க சொன்னோம்."

ஐந்து வருடத்தில் அந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்: தப்பில்லாமல் பதிய ஒரே மாதத்தில் பழகிவிடலாம், ஒரு தப்பைப் பழையபடியே திருப்பிச் செய்வதற்குத்தான் ஆறுதடவை டேப்பைச் சுற்ற வேண்டியிருக்கிறது.